ஓவியக்கூடத்தைத் திரையில் எழுப்புதல்

ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ்மியூசியத்தில், ரெம்பிராண்ட் 1642-ல் தீட்டி முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியமும், யோஹானஸ் வெர்மீர் 1660-ஐ ஒட்டித் தீட்டிய ‘பால் வார்க்கும் பெண்’ ஓவியமும் சிறு நடைத் தொலைவில் தொங்குகின்றன. முன்னது ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரமும் 4.5 மீட்டர் அகலமும் கொண்டு, அதில் அணிவகுக்கும் மாந்தர் கிட்டத்தட்ட ஆளுயரத்தில் எதிர்வரும்படி சுவரை நிறைத்து நிற்பது; பின்னதோ 45.5 செ.மீ உயரமும் 41 செ.மீ அகலமும் மட்டுமே உடையது, பார்ப்பவர் நெருங்கிச் சென்று தலையைச் சற்றே குனிந்து நோக்கினால்தான் தன்னை முழுமையாக வெளிப்படுத்துவது. இவ்விரண்டையும் கைப்பேசியில் அடுத்தடுத்துத் திறந்தால், இரண்டும் ஒரே திரையின் நீள அகலத்துக்குள் அடங்கி ஒரே அளவினவாகத் தோன்றும். அச்சிட்ட ஓவியத் தொகுப்புகளின் காலத்திலிருந்தே தொடரும் இந்த அளவிழப்புதான், ஒரு கலைக்கூடத்தை இணையத்தில் உலவிப் பார்க்கும்படி அமைக்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல். ஏனெனில், படங்களை மட்டும் வரிசையாக அடுக்கிக் காட்டுவதற்கு உலா எதுவும் தேவையில்லை, பட்டியலே போதும்.

ஊடாடும் இணைய உலா எனப்படுவது, பார்ப்பவர் தாம் விரும்பிய பக்கம் திரும்பவும், விரும்பிய அறைக்கு நகரவும், விரும்பிய படைப்பை நெருங்கவும் இடந்தரும் வகையில் ஒரு கூடத்தின் படிமங்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் அமைப்பாகும். காணொளியில் பார்வையின் திசையையும் வேகத்தையும் படமெடுத்தவரே தீர்மானித்துவிடுகிறார். உலாவிலோ அந்த உரிமை பார்ப்பவரிடம் இருக்கிறது. அதற்கு விலையாக, அவர் எத்திசையில் திரும்பினாலும், எவ்வளவு நெருங்கினாலும் காட்டுவதற்குரிய படம் முன்னதாகவே எடுக்கப்பட்டு ஆயத்தமாக இருக்க வேண்டியுள்ளது.

எவ்வளவு நெருங்கினாலும் என்ற அந்த ஒரு நிபந்தனை, வேலையை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஓர் அறையின் நடுவிலிருந்து எடுத்த முழுச்சுற்றுப் படம் 16,000 பிக்சல் அகலமும் 8,000 பிக்சல் உயரமும் உடையது என்று கொண்டால் (பிக்சல் என்பது ஒரே நிறம் கொண்ட, மேலும் பகுக்க இயலாத படப்புள்ளி), 360 பாகை கொண்ட சுற்று முழுவதும் அந்த 16,000 புள்ளிகளில் பரவி, ஒரு பாகைக்கு 44 புள்ளிகளே கிடைக்கும். ஐந்து மீட்டர் தொலைவில் தொங்கும் ஒரு மீட்டர் அகல ஓவியம் பார்வையில் ஏறத்தாழ 11 பாகையை அடைப்பதால், அதன் முழு அகலமும் 500 சொச்சம் புள்ளிகளில் முடிந்துவிடுகிறது; அதாவது, ஓவியத்தின் இரண்டு மில்லிமீட்டர் ஒரே புள்ளியாகக் குறுகிவிடுகிறது. தூரிகையின் ஒற்றை மயிர் இழுத்த கீற்றும், காய்ந்த வண்ணப்பூச்சில் ஓடும் நுண்வெடிப்பும் அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் புதைந்துபோகின்றன. அறையைக் காட்டும் படத்தால் ஓவியத்தைக் காட்ட முடியாது. ஓவியத்தைத் துல்லியமாகக் காட்டும் படத்துக்கு அறை என்பதே தெரியாது. ஆகவே அறைக்கென ஒரு படமெடுப்பும் படைப்புக்கென ஒரு படமெடுப்பும் தனித்தனி அறிவியலாக நடந்து, பிறகு ஓரிடத்தில் சந்திக்க வேண்டியுள்ளது.

அறையைச் சுற்றிக் காட்டும் ஆசை கணினியைவிட மிகப் பழையது. எடின்பரோவில் வாழ்ந்த ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், வட்டச் சுவரில் தொடர்ச்சியாக வரைந்து நடுவில் நிற்பவரைச் சூழும்படி காட்டும் முறைக்கு 1787-ல் காப்புரிமை பெற்று, 1793-ல் லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கெனவே ஒரு வட்டக் கட்டடத்தைத் திறந்தார்; இன்று உலகெங்கும் வழங்கும் பனோரமா என்னும் பெயர் அவருடைய காட்சியோடு பரவியதே. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், ஹென்ட்ரிக் வில்லெம் மெஸ்டாக் 1881-ல் வரைந்து முடித்த கடற்கரைக் காட்சி, 14 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 120 மீட்டர் சுற்றளவும் கொண்டு அதற்கென எழுப்பிய கட்டடத்திலேயே இன்றும் காட்சிக்கு இருக்கிறது. அங்கே பார்வையாளர் நடுவிலுள்ள மணல்மேட்டின் மேடையில் மட்டுமே நிற்கலாம். படத்தின் கீழ்விளிம்பை உண்மையான மணல் மறைக்கிறது. இந்தக் கட்டுப்பாடு வெறும் ஒழுங்குக்காக வந்ததன்று. சுற்றுப்படம் ஒரே ஒரு நிலையிலிருந்து நோக்கும்போது மட்டுமே மெய்போலத் தோன்றும் என்பது வடிவியலின் விதி. அந்த நிலையிலிருந்து விலகினால் அருகிலுள்ளவையும் தொலைவிலுள்ளவையும் ஒன்றுக்கொன்று நகராமல் ஒட்டிக் கிடப்பதைக் கண் கண்டுகொள்ளும். இணைய உலாவில் பார்ப்பவர் தலையைத் திருப்பலாம், ஆனால் ஓரடி எடுத்து வைக்க முடியாமல் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவ மட்டுமே முடிகிறது என்றால், அதற்கும் காரணம் இதே விதிதான்.

ஒளிப்படக் கருவியைக் கையாள்வோருக்கு இந்த விதி வேறொரு வடிவில் தலைவலியாக வருகிறது. ஓர் அறையை முழுவதும் ஒரே சொடுக்கில் விழுங்கும் வில்லை கிடையாது என்பதால், மீன்கண் வில்லை எனப்படும் மிக அகன்ற பார்வையுள்ள வில்லையைப் பொருத்திய கருவியை முக்காலியில் நிறுத்தி, 60 பாகைக்கு ஒருமுறை திருப்பிச் சுற்றிலும் ஆறு படங்களும், கூரைக்கும் தரைக்கும் தனிப் படங்களும் எடுத்து, பிறகு அவற்றைத் தைத்துச் சேர்ப்பது வழக்கம். திருப்பும் அச்சு, வில்லையின் நுழைவுத் துளை வழியாகச் செல்ல வேண்டும். முன்னிருந்து வில்லைக்குள் பார்க்கும்போது தெரியும் ஒளித்துளையின் பிம்பமே நுழைவுத் துளை. உலகைக் கருவி பார்ப்பது அந்தப் புள்ளியிலிருந்துதான். அச்சு அதற்கு எட்டு சென்டிமீட்டர் பின்னே இருந்துவிட்டால், 60 பாகை திரும்பும்போது வில்லையும் எட்டு சென்டிமீட்டர் இடம்பெயர்ந்துவிடும். அப்போது ஒரு மீட்டர் தொலைவிலுள்ள தடுப்புக் கம்பி 4.6 பாகை விலகித் தெரியும்; ஐந்து மீட்டர் தொலைவிலுள்ள ஓவியமோ 0.9 பாகையே விலகும். இடமாறு தோற்றப்பிழை எனப் பள்ளிப் பாடங்களில் அறிமுகமாகும் இந்த வேறுபாடு, மேற்சொன்ன 16,000 புள்ளிப் படத்தில் 160 புள்ளிகளுக்கும் மேலான முரணாக விரிகிறது. ஓவியச் சட்டத்தைப் பொருத்தினால் கம்பி இரண்டாகப் பிளக்கும், கம்பியைப் பொருத்தினால் சட்டம் முறியும். எந்த மென்பொருளாலும் இதை முழுமையாகச் சீராக்க இயலாது. முக்காலியின் மேல் பொருத்தும் தனிவகைத் தலைப்பகுதியில் கருவியை முன்னும் பின்னும் நகர்த்தி அச்சைச் சரிசெய்யும் பத்து நிமிட வேலை, பிறகு கணினியின் முன் செலவாகும் பல நாட்களை மிச்சப்படுத்துகிறது.

எடுத்த படங்களைத் தைக்கும் வேலையைக் கணினி செய்வது, அண்டைப் படங்கள் இரண்டிலும் விழுந்திருக்கும் பொதுவான அடையாளங்களைத் தேடிப் பொருத்துவதன் மூலமே. இதற்காகவே ஒவ்வொரு படமும் அடுத்ததன் மீது கால்பங்கு அளவேனும் படியும்படி எடுக்கப்படுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லோவ் 1999-ல் வெளியிட்ட சிஃப்ட் என்னும் வழிமுறை, படத்தில் மூலை, புள்ளி, தழும்பு போன்ற தனித்தன்மையுள்ள இடங்களைக் கண்டு, அவற்றைச் சுற்றியுள்ள ஒளியளவு எத்திசையில் எவ்வளவு மாறுகிறது என்பதை எண்களின் வரிசையாகக் குறித்துக்கொள்கிறது. படம் திரும்பினாலும் அளவு மாறினாலும் அந்த எண்வரிசை பெரிதும் மாறாதிருப்பதே அதன் வலிமை. தவறான பொருத்தங்களைக் களைவதற்கு ஃபிஷ்லரும் போல்ஸும் 1981-ல் முன்வைத்த ரான்சாக் முறை உதவுகிறது: சில பொருத்தங்களை மட்டும் குருட்டாம்போக்கில் எடுத்து ஒரு கணிப்பை அமைத்து, மற்றவற்றில் எத்தனை அதற்கு உடன்படுகின்றன என்று எண்ணி, இதைப் பலமுறை செய்து, பெரும்பான்மை உடன்படும் கணிப்பைக் கொள்வது. காட்டிலும் கடைத்தெருவிலும் தயக்கமின்றி வேலை செய்யும் இந்த வழிமுறைகள் ஓவியக்கூடத்தில் மட்டும் தடுமாறுவதுண்டு. வெறும் வெள்ளைச் சுவரில் பிடித்துக்கொள்ள அடையாளமே இல்லை; ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வரும் மரத்தளத்திலோ அடையாளங்கள் அளவுக்கு மீறி இருந்து, ஒரு பலகையை அடுத்த பலகையென்று மயங்க வைக்கின்றன. அதனால்தான் அனுபவமுள்ளோர், ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஓர் ஓவியச் சட்டத்தின் மூலையோ கதவின் விளிம்போ விழும்படி திருப்புக் கோணத்தைத் தெரிந்தெடுக்கிறார்கள்.

பொருத்திய பின்னும் தையல் தெரியாமலிருக்க வேண்டும். இரு படங்களின் வெளிச்சம் சற்றே வேறுபட்டால் சேருமிடத்தில் கோடு விழும். அக்கோட்டை மறைக்க அகலமாகக் கலந்தால் நுண்விவரங்கள் இரட்டிக்கும். பீட்டர் பர்ட்டும் எட்வர்ட் ஏடெல்சனும் 1983-ல் காட்டிய தீர்வு இன்றும் அடிப்படையாக நிற்கிறது: படத்தைப் பரவலான ஒளிமாற்றங்கள், இடைநிலை, நுண்கோடுகள் எனப் பல அடுக்குகளாகப் பிரித்து, பரவலானவற்றை அகன்ற பட்டையிலும் நுண்ணியவற்றை மிகக் குறுகிய பட்டையிலும் கலந்து, மறுபடி ஒன்றாக்குவது. இதோடு ஒளிவீச்சின் சிக்கலும் சேர்கிறது. கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும் பகலொளியையும், நிழல் செறிந்த பழைய ஓவியத்தின் கரும்பழுப்பையும் மனிதக் கண் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளும். கருவியின் உணரியால் அது இயலாது என்பதால், ஒரே காட்சியைப் பல ஒளியளவுகளில் எடுத்து, டெபெவெக்கும் மாலிக்கும் 1997-ல் விளக்கிய முறையில், ஒவ்வொரு புள்ளிக்கும் நம்பத்தக்க மதிப்பைக் கணித்துச் சேர்க்கிறார்கள்.

தைத்து முடிந்தது ஒரு கோளம், திரையோ தட்டை. உலக வரைபடத்தில் தீர்க்கரேகைகளும் நிலநடுக்கோட்டுக்கு இணையான கோடுகளும் செவ்வகமாக விரிவது போலவே, கோளப் படமும் அகலம் உயரத்தின் இரு மடங்காக உள்ள செவ்வகமாக விரிக்கப்படுகிறது; துருவப் பகுதிகளான கூரையும் தரையும் அதில் அபரிமிதமாக நீண்டுபோவதால், பல மென்பொருள்கள் அதைக் கனசதுரத்தின் ஆறு முகங்களாக மாற்றிச் சேமிக்கின்றன. உலாவியில் பார்ப்பவர், அறியாமலே அந்தக் கனசதுரத்தின் மையத்தில் நிற்கிறார். கூடுதல் செருகுநிரல் எதுவுமின்றி உலாவியே முப்பரிமாணக் கணிப்பைச் செய்ய வழிதந்த வெப்ஜிஎல் தரம் 2011-ல் வந்தபின், இப்பகுதி பெரிதும் எளிதாகிவிட்டது.

படைப்பைப் படமெடுக்கும் அறிவியல் இதைவிடப் பன்மடங்கு கடுமையானது. அதன் எல்லை எதுவரை செல்லும் என்பதற்கு ‘இரவுக் காவல்’ ஓவியமே சான்று. 2019 ஜூலையில் ரைக்ஸ்மியூசியம், ஓவியத்தைச் சுற்றிக் கண்ணாடி அறை எழுப்பி, பார்வையாளர் கண்முன்னாலேயே அதன் ஆய்வைத் தொடங்கியது. 2020-ல் 528 படங்களைச் சேர்த்து 44.8 ஜிகாபிக்சல் படம் வெளியிடப்பட்டது. ஒரு ஜிகாபிக்சல் என்பது நூறு கோடி பிக்சல். 2022 ஜனவரியில் வெளிவந்த அடுத்த படம், 100 மெகாபிக்சல் கருவியால் எடுத்த 8,439 படங்களைத் தைத்த, 717 ஜிகாபிக்சல் கொண்ட, 5.6 டெராபைட் எடையுள்ள கோப்பு. ஒவ்வொரு படமும் ஓவியத்தின் 5.5 செ.மீ-க்கு 4.1 செ.மீ பரப்பை மட்டுமே பிடித்தது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கிடையே ஓவியத்தின் மேல் உள்ள தொலைவு 5 மைக்ரோமீட்டர், அதாவது 7 முதல் 8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இரத்தச் சிவப்பணுவையும்விடச் சிறியது. அறைப்படத்தில் ஒரு புள்ளிக்கு இரண்டு மில்லிமீட்டர் என்று கண்ட கணக்கோடு ஒப்பிட்டால் இது 400 மடங்கு நுண்மை. இவ்வளவு நெருங்கும்போது வில்லையின் குவிய ஆழம், அதாவது படம் தெளிவாக விழும் தொலைவின் வரம்பு, மில்லிமீட்டரின் சிறு பங்காகச் சுருங்கிவிடுகிறது; நான்கு நூற்றாண்டை நெருங்கும் துணியோ சமதளமாக இருப்பதில்லை, அங்கங்கே புடைத்தும் தொய்ந்தும் கிடக்கிறது. எனவே மேற்பரப்பின் மேடுபள்ளங்களை முன்கூட்டியே அளந்துவைத்து, ஒவ்வொரு படத்துக்கும் கருவியின் தொலைவைத் தனித்தனியே சரிசெய்ய வேண்டியதாயிற்று. தையலையும், தெளிவும் நிறமும் பிசகாதிருப்பதையும் கணினி நரம்பு வலைப்பின்னல்களின் துணையோடு சரிபார்க்கும் பணியை ராபர்ட் எர்ட்மன் என்ற அறிவியலாளர் முன்னின்று நடத்தினார். அப்படத்தை நெருங்கிச் செல்பவர், படைத்துணைத் தலைவரின் வெளிர்மஞ்சள் உடையில் பொன்சரிகை போலத் தோன்றுவது உண்மையில் குழைத்து அப்பிய தடித்த வண்ணக் கட்டிகளே என்பதையும், இன்னும் நெருங்கினால் எண்ணெயில் மிதக்கும் நிறமித் துகள்களையும் காண்கிறார். ஆம்ஸ்டர்டாமில் அந்த ஓவியத்தின் எதிரில் நிற்பவருக்கும் கிட்டாத காட்சி இது. நல்ல உலா என்பது நடையைப் போலி செய்வதோடு நின்றுவிடாமல், கால் செல்ல முடியாத இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோவதாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

5.6 டெராபைட் கோப்பைக் கைப்பேசிக்கு யாரும் அனுப்ப முடியாது, அனுப்பவும் வேண்டியதில்லை. 1,920 புள்ளி அகலமுள்ள திரைக்கு எந்த நேரத்திலும் 1,920 புள்ளிக்கு மேல் காட்டத் தெரியாது என்ற எளிய உண்மைதான் இங்கே கைகொடுக்கிறது. முழுப்படத்தை ஒவ்வொரு முறையும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கி, பிரமிடு போல மேலே குறுகிச் செல்லும் அடுக்குகளாக்குகிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் 256 புள்ளிப் பக்கமுள்ள சதுரங்களாக வெட்டப்படுகிறது. 9,25,000 புள்ளி அகலமும் 7,75,000 புள்ளி உயரமும் கொண்ட ‘இரவுக் காவல்’ படத்தை அப்படி வெட்டினால் அடித்தளத்தில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் சதுரங்கள் வரும். ஒவ்வொரு மேலடுக்கும் கீழடுக்கின் கால்பங்கே என்பதால், எல்லா அடுக்குகளையும் கூட்டினாலும் மொத்தச் சேமிப்பு மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. பார்ப்பவர் எந்த இடத்தை எந்த அளவில் நோக்குகிறாரோ அதற்குரிய அடுக்கிலிருந்து சில டஜன் சதுரங்கள் மட்டும் அவருக்கு வந்துசேர்கின்றன. நெருங்கும்போது படம் முதலில் மங்கி ஒரு நொடியில் தெளிவடைவது, மேலடுக்கை நீட்டிக் காட்டிக்கொண்டே கீழடுக்குக்காகக் காத்திருப்பதன் விளைவு.

நிறத்தின் உண்மையும் ஒளியின் கையில் இருக்கிறது. பழைய எண்ணெய் ஓவியங்களின் மேல் பூசிய வார்னிஷ், விளக்கொளியைக் கண்ணாடிபோலத் திருப்பியடித்துப் படத்தில் வெள்ளைத் திட்டுகளை உண்டாக்கும். இதை நீக்க, விளக்குகளின் முன் ஒரு போலராய்டுத் தாளை வைத்து ஒளியலைகள் ஒரே தளத்தில் அதிரும்படி செய்து, வில்லையின் முன் அதற்குச் செங்குத்தான திசையில் இன்னொரு போலராய்டை வைக்கிறார்கள். வார்னிஷின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி தன் அதிர்வுத் தளத்தை மாற்றிக்கொள்வதில்லை என்பதால் இரண்டாவது தாளில் நின்றுவிடுகிறது. வண்ணப்பூச்சுக்குள் புகுந்து சிதறி வெளிவரும் ஒளியோ அந்த ஒரே தள அதிர்வை இழந்துவிடுவதால் ஊடுருவிச் சென்று உண்மை நிறத்தைத் தருகிறது. எனினும் இந்த முறையை எல்லா ஓவியத்துக்கும் கண்மூடிப் பயன்படுத்துவது தகாது. ரெம்பிராண்ட் போல வண்ணத்தை மேடுகட்டி அப்பியவரின் படைப்பில், அந்த மேடுகளின் மினுமினுப்பே பொருளின் ஒரு பகுதி. பளபளப்பை முற்றாக நீக்கினால் மேடும் தட்டையாகிவிடும். இதற்கு மாற்றாக, கருவியை அசைக்காமல் விளக்கை மட்டும் பல திசைகளில் நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொரு புள்ளியும் ஒளியின் திசைக்கேற்ப எவ்வாறு மாறுகிறது என்பதைச் சமன்பாடாகச் சேமிக்கும் முறையை டாம் மால்ஸ்பெண்டரும் அவர் குழுவினரும் 2001-ல் வெளியிட்டனர். அந்தப் படத்தில் பார்ப்பவரே விளக்கைத் தம் விரலால் நகர்த்தித் தூரிகைத் தடத்தின் நிழலை எழுப்பிப் பார்க்கலாம். ஊடாட்டம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுடைய செயல் இதுவே. பல உலாக்களில் இடம்பெறாததுதான் வருத்தம்.

அறைப்படமும் படைப்புப் படமும் சந்திக்கும் இடம் தொடுபுள்ளி எனப்படும். சுற்றுப்படத்தின் மேல் ஒரு கிடைக்கோணத்தையும் ஓர் உயரக்கோணத்தையும் குறித்து, அவ்விடத்தைத் தொட்டால் நிகழ வேண்டியதை எழுதிவைப்பதே அது: கதவைத் தொட்டால் அடுத்த அறை, ஓவியத்தைத் தொட்டால் அதன் நுண்படம். தொழில்நுட்ப அளவில் இது மிக எளிய வேலை. உலாவின் தரத்தைத் தீர்மானிப்பதும் இதுவே. அறையின் வடிவியல் நடுவில் மட்டும் முக்காலியை நிறுத்தினால் எல்லா ஓவியங்களும் சமமாகத் தொலைவாகிவிடும். எனவே சுவரோரப் படைப்புகளை மனிதர் நின்று பார்க்கும் இடங்களிலும், இரு அறைகளும் ஒருசேரத் தெரியும் வாயிற்படியிலும், கண்மட்டமான ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிலைகள் அமைய வேண்டும். அடுத்த அறைக்குள் நுழைந்ததும் பார்வை, நுழையும்போது நோக்கிய திசையிலேயே தொடர வேண்டும். திசை மாறிப்போனால் பார்ப்பவர் இரண்டாவது அறையிலேயே வழி தவறுவார். அளவை மீட்கும் பணியும் இங்கேதான் நிறைவேறுகிறது. ‘பால் வார்க்கும் பெண்’ ஓவியத்தைத் தொட்டவுடன் அதன் நுண்படம் திரை முழுதும் தாவி நிறைத்துவிட்டால், அது 41 செ.மீ அகலமே உள்ளது என்ற செய்தி தொலைந்துபோகும். அறையில் அது தொங்கும் சிறு சதுரத்திலிருந்தே படம் இடைவிடாது பெருகி வரும்படி அமைத்து, விலகும்போதும் அதே சதுரத்துக்குள் அது சுருங்கி அமர்ந்தால், பார்ப்பவரின் கண் அளவை அளவுகோலின்றியே உணரும். கூகுள் நிறுவனம் 2011 பிப்ரவரி 1 அன்று 17 அருங்காட்சியகங்களோடு தொடங்கிய கலைத் திட்டம், தள்ளுவண்டியில் ஏற்றிய கருவியால் எடுத்த கூடக் காட்சிகளையும், ஒவ்வொரு அருங்காட்சியகமும் தெரிவு செய்த ஒரு படைப்பின் ஏறத்தாழ 700 கோடி புள்ளி நுண்படத்தையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து இந்த இரட்டை அமைப்பைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. ஓராண்டுக்குப்பின் டெல்லி தேசிய அருங்காட்சியகமும் அதில் இணைந்தது.

இத்தனையும் தட்டையான படைப்புகளுக்குப் பொருந்தும். ரைக்ஸ்மியூசியத்தின் ஆசியக் கலைக்கூடத்தில் நிற்கும், தமிழ்நாட்டிலிருந்து சென்ற சோழர் கால நடராசர் செப்புத் திருமேனிக்கு அவை போதா. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமும் 300 கிலோ அளவில் எடையும் கொண்ட அத்திருமேனி, உள்ளே வெற்றிடமில்லாத கெட்டி வார்ப்பு என்பது, துறைமுகச் சரக்குப் பெட்டகங்களைச் சோதிக்கும் ரோட்டர்டாம் சுங்கத்துறையின் எக்ஸ்ரே கருவிக்குள் அதைச் செலுத்திப் பார்த்தபோது உறுதியாயிற்று. திருவாசியையும் விரிசடையையும் தூக்கிய திருவடியையும் சுற்றி வந்து காண்பதற்கே வார்க்கப்பட்ட வடிவத்தை, ஒரே நிலையிலிருந்து எடுத்த சுற்றுப்படம் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடும். இத்தகைய சிற்பங்களுக்கு ஒளிப்பட அளவியல் என்னும் முறை உண்டு: பல கோணங்களில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து, அறைப்படத்தில் கேடாக இருந்த அதே இடமாறு தோற்றத்தை இங்கே அளவீடாகப் பயன்படுத்தி, ஒவ்வொரு புள்ளியும் எத்தொலைவில் உள்ளது என்று கணிப்பது. கற்சிலைக்கு இது அருமையாக அமையும். செம்பின் பளபளப்போ, பார்க்கும் இடம் மாறுந்தோறும் தானும் நகர்வதால், கணினி அதை உருவத்தின் அடையாளமென மயங்கி மேற்பரப்பில் இல்லாத குழிகளை உண்டாக்கிவிடும். 2023-ல் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர் முன்வைத்த காசியன் தெறிப்பு முறையில், உருவம் ஒளி ஊடுருவும் எண்ணற்ற நுண்திட்டுகளால் அமைக்கப்பட்டு, ஒவ்வொரு திட்டும் பார்க்கும் திசைக்கேற்ப நிறம் மாறும்படி கணிக்கப்படுவதால், உலோகத்தின் மினுக்கம் அதனிடத்திலேயே உயிர்பெறுகிறது. செப்புத் திருமேனிகளைக் காக்கும் அருங்காட்சியகங்கள் ஆர்வத்தோடு கவனிக்க வேண்டிய முறை இது.

கூடத்தில் தொங்குபவை யாவற்றையும் காட்டும் உரிமை கூடத்திடம் இருப்பதில்லை. 1669-ல் மறைந்த ரெம்பிராண்டின் படைப்புகளுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை; 1973-ல் மறைந்த பிகாசோவின் படைப்புகளுக்கு, ஆசிரியர் மறைவுக்குப்பின் 70 ஆண்டு என்னும் ஐரோப்பிய வரம்பின்படி 2043 முடியும்வரை உண்டு. கலைத் திட்டத்தின் கூடக் காட்சிகளில் சில சட்டங்களுக்குள் ஓவியம் மங்கலாக்கப்பட்டிருந்ததன் காரணம் இதுவே. படமெடுப்பு நாளுக்கு முன்பே உரிமைப் பட்டியல் முடிவாகிவிட்டால், அத்தகைய படைப்பின் எதிரில் நிலை அமைப்பதைத் தவிர்க்கலாம்.

பார்வைக் குறையுள்ளோருக்கு இந்த உலாக்கள் பெரும்பாலும் மூடிய கதவாகவே இருக்கின்றன என்பதை அமைப்போர் மறக்கலாகாது. திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் திரைபடிப்பான் மென்பொருளுக்குச் சுற்றுப்படம் என்பது ஒற்றைப் படம், உள்ளே எதுவும் இல்லாதது. ஒவ்வொரு தொடுபுள்ளிக்கும் பெயரிட்டு, சுட்டியின்றி விசைப்பலகையால் மட்டுமே அறைவிட்டு அறை செல்ல வழிசெய்து, ஓவியத்தில் யார் எங்கே எந்த ஒளியில் நிற்கிறார் என்று நான்கைந்து வாக்கியங்களில் விவரித்து வைத்தால் அவர்களும் கூடத்துக்குள் வரலாம். அவ்விவரணையை எழுதுவோர் ஓவியத்தை அதற்குமுன் பார்த்ததைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், பார்வையுள்ளோருக்கும் அதனால் பயனே.

ஆயுளைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று எஞ்சியுள்ளது. ஆப்பிள் நிறுவனம் 1995-ல் வெளியிட்ட குவிக்டைம் விஆர் வடிவில் அமைந்த முதல் தலைமுறைச் சுற்றுப்படங்கள் இன்றைய உலாவிகளில் திறப்பதில்லை. ஃபிளாஷ் மென்பொருளை நம்பி எழுந்த உலாக்கள், 2020 டிசம்பர் 31-ஓடு அதற்கான ஆதரவு முடிந்தபோது இருண்டுபோயின. அழிந்தவற்றில் பல, படங்களையும் காட்டும் மென்பொருளையும் பிரிக்க முடியாதபடி பிணைத்து வைத்தவை. 2011-ல் நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து உருவாக்கத் தொடங்கிய டிரிபிள் ஐ எஃப் என்னும் பொதுத்தரம், படத்தின் எந்தப் பகுதி, எந்த அளவில் வேண்டும் என்பதை இணைய முகவரியிலேயே ஒழுங்காகக் கேட்கும் முறையை வகுத்து, எந்த மென்பொருளும் எந்த அருங்காட்சியகத்தின் படத்தையும் காட்டும்படி செய்திருக்கிறது. அதன்படி அமைக்கும் ஒரு கூடம், தைத்து முடித்த படத்தோடு தைக்காத மூலப்படங்களையும், நிறச் சரிபார்ப்பு அட்டையின் படத்தையும், ஒவ்வொரு நிலையிலும் முக்காலி நின்ற இடத்தின் அளவுகளையும், எந்தச் சுவரில் அன்று எது தொங்கியது என்ற தேதியிட்ட பட்டியலையும் சேர்த்தே காப்பிடத்தில் வைக்க வேண்டும்.